ஆயிரமாவது யூனிட்

…முக்கியமாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் கம்பெனிக்காரர்கள் இத்தனை தடவை சொல்வார்களா, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருங்கள், சொல்லிவிட்டு மறுபடியும் அந்தப் பியானோ, எலாய் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடைமேல் டெல்ஃபினாவின் போனுக்குப் பக்கத்தில் வைத்தான், ஒன்று பாடிக்கொண்டிருந்தது, மற்றது சார்ஜ் ஏறியபடி சும்மா கிடந்தது. ஓவனுக்குள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை நானூறு டிகிரியில் வேகவைத்துக்கொண்டிருந்தான். ஏசி ஓடியது, ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, திரைச்சீலைகள் கடற்காற்றில் உள்ளே வந்து வந்து போயின… கார்பஸ் கிறிஸ்டியில் ஏசி வேண்டாத நாட்கள் வருஷத்துக்குக் கொஞ்சம்தான், அக்டோபரில் வரும், ஊரே வாசல்களைத் திறந்துபோட்டுக் கொண்டாடும், அந்த நாட்களில் போய் இவன் ஏசியைப் போட்டுத் தெருவைக் குளிரவைக்கிறான். யாராவது பார்த்தால் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். டெல்ஃபினா பார்த்தால் சொல்லமாட்டாள். ஹேர் டிரையரை மறந்துட்டியே கிழவா என்பாள், போய் எடுத்துவருவாள், கட்டில்மேல் வைத்து ஓடவிடுவாள், அவர்கள் வீட்டில் புருஷனைக் கிழவா என்றுதான் கூப்பிடுவார்கள், இருபத்தெட்டு வயதிலேயே அவன் கிழவனாகிவிட்டான்.

எல்லாம் அந்த ஆயிரத்துக்காக. ஒரு மாதத்தில் எரித்த கரண்ட் ஆயிரம் யூனிட்டைத் தொட்டால் நூறு டாலர் தள்ளுபடி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றால் ஒன்றும் கிடையாது, அப்படி ஒரு பிளான், அதை டெல்ஃபினாதான் பிடித்துவந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வாரம் அவனுக்குக் கரண்ட் என்றால் என்னவென்றே தெரியாது என்று கண்டுபிடித்தாள், அவன் சான் அன்டோனியோக்காரன், அங்கே நகரசபை விற்கிறது, நகரசபை கொண்டுவருகிறது, நகரசபைக்கே கட்டுகிறோம், அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? "உங்க ஊர்ல கல்யாணம் பேசி முடிச்சு வச்சிடுறாங்க, எங்க ஊர்ல நாமளே தேடணும்" என்றாள். கரண்ட் விற்கிற நூற்றுச் சொச்சம் கம்பெனிகள், ஒவ்வொருவனுக்கும் பத்துப் பன்னிரண்டு பிளான், ராத்திரி இலவசம், சனி ஞாயிறு இலவசம், முதல் மாதம் இலவசம், அவள் மேஜையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு மாம்பழத்தை மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றபடி ஒவ்வொன்றின் கீழேயுள்ள பொடி எழுத்தையும் வாய்விட்டுப் படிப்பாள், நடுநடுவே சிரிப்பாள், பொய் சொல்கிறவன் எங்கே குரலைத் தாழ்த்துவான் என்று அவளுக்குத் தெரியும், பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்தவள், நாள் முழுக்க வலிக்கவே வலிக்காது என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சம்பாதித்தவள். கடைசியில் இந்த ஆயிரத்தைப் பிடித்தாள். ரெண்டு பேர், ஒரு வீடு, ஒரு பழைய ஏசி, அளவெடுத்துத் தைத்தமாதிரி இருக்கு என்றாள். ரெண்டு பேருக்கு அளவெடுத்தது. ஒரு ஆள் போட்டுக்கொண்டால் தோளில் நிற்குமா?

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தெரியும். ஒரே ஒரு முறைதான் அவள் கோட்டைவிட்டாள், முதல் வருஷம், இதேமாதிரி காற்று நன்றாக இருந்த ஒரு மாதக்கடைசி, கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு எலாய், தொள்ளாயிரத்து அறுபதுதான் ஆகியிருக்கு, எழுந்திரு என்றாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவன் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லா விளக்கையும் போட்டாள், ஓவன், துணி உலர்த்தி, உள்ளே ஒரே ஒரு துண்டு, அது சுற்றிச் சுற்றி நடந்த களைப்பில் சுருங்கிப்போயிருக்கும், பக்கத்து வீட்டில் போய் வாஃபிள் கல் இரவல் வாங்கிவந்தாள், மாவு இல்லாமல் சூடாக்கினாள், வீடு கோயில் திருவிழாமாதிரி எரிந்தது, வியர்வை வழிய வழிய உள்ளாடையோடு ஓவன்முன் நின்று கை காய்ச்சினாள், அவனை இழுத்து ஆடவைத்தாள், அவனுக்கு ஆட வராது, அது அவளுக்குத் தெரியும், ஆயிரத்து நாலு வந்தபோது பட்டாசு வெடித்தமாதிரி கத்தினாள். அப்புறம் பில் வந்தது. தொள்ளாயிரத்து ஐம்பத்துச் சொச்சம். மாதம் முடிகிற நாள் காலண்டரில் இல்லை, விற்கிற கம்பெனி கையிலும் இல்லை, கம்பிக் கம்பெனி என்றைக்கு மீட்டரைக் கணக்கெடுக்கிறதோ அன்றைக்குத்தான் மாதம் முடியும், கம்பிக்காரன் சனிக்கிழமையே எடுத்துவிட்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா முழுக்க அடுத்த மாதக் கணக்கில் போய்விட்டது… அவள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். நாம ஆடினதுக்குக் கூலி குடுத்திருக்கோம் கிழவா என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கம்பிக் கம்பெனிமேல் ஒரு மரியாதை. விற்கிறவனை மாற்றலாம், மாசத்துக்கு ஒருத்தனை மாற்றலாம், கம்பிக்காரனை மாற்றமுடியாது, கம்பம் அவனுடையது, கம்பி அவனுடையது, வீட்டுச் சுவரில் இருக்கிற மீட்டரும் அவனுடையது, யாரிடம் வாங்கினாலும் கொண்டுவந்து சேர்ப்பவன் அவன்தான், அவன் கூலி பில்லில் தனி வரியாக நிற்கும், மாதத்துக்கு இவ்வளவு என்று ஒன்று, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒன்று, எந்தக் கடையில் வாங்கினாலும் அதே கூலி. நாம் ஒரு யூனிட்கூட எரிக்காமல் மூன்று மாதம் ஊருக்குப் போனாலும் அந்த முதல் வரி வரும் என்றாள். எதுக்கு என்று கேட்டான் அவன். "நாம வருவோம்னு காத்திருந்ததுக்கு" என்றாள். எலாய்க்கு அது அப்போது ஒரு பேச்சாகத்தான் பட்டது, துறைமுக அலுவலகத்தில் கப்பல்களுக்கு நிறுத்துமிடக் கட்டணம் போடுகிறவன் அவன், காத்திருப்பதற்கு எல்லோரும்தான் காசு வாங்குகிறார்கள்… இப்போது பியானோ கேட்டுக்கொண்டு நிற்கும்போது அந்தப் பேச்சு வேறு இடத்தில் போய்த் தட்டுகிறது. புயலடித்து நாலு நாள் இருட்டில் கிடந்தபோது வந்தவனும் கம்பிக்காரன்தான், விற்கிறவன் வரவில்லை, எங்கள் இதயம் உங்களுடன் இருக்கிறது என்று டெல்ஃபினாவுக்கு ஒரு செய்தி அனுப்பினான். தெருமுனைக் கம்பத்தருகே, ஆளை உயரத் தூக்கும் கூடைவண்டியில் ஏறி நின்றவருக்கு அவள் மழைக்கோட்டுக்குள் மறைத்துக் காப்பி கொண்டுபோனாள், நான் டெல்ஃபினா, அந்த நீலக் கதவு வீடு என்றாள், அதற்கு அவர், பெயர் எதுவும் எங்களுக்கு வராதும்மா, நம்பர்தான் வரும், வீட்டுக்கு ஒரு நம்பர், யார் போனாலும் யார் வந்தாலும் அதே நம்பர் என்றாராம். வந்து சொன்னாள், விக்கிறவனுக்கு என் பேர் தெரியும், வீடு தெரியாது, கம்பிக்காரனுக்கு வீடு தெரியும், பேர் தெரியாது, ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளா ஆக்கினா நல்ல மாப்பிள்ளை கிடைச்சிருப்பான், அதுக்குள்ள உன்னைக் கட்டிக்கிட்டேன்.

அந்தப் பெயர்தான். பெயரில்தான் எல்லாம் நிற்கிறது. மார்ச்சில் ஒரு புதன்கிழமை கிளினிக்கின் வண்டி நிறுத்துமிடத்தில் அவள் தலைக்குள் ஒரு ரத்தநாளம் வெடித்தது, எந்த முன்னறிவிப்பும் இல்லை, முப்பத்தொரு வயது, சாவி கையில் இருந்தது. அவன் வங்கிக்குச் சொன்னான், இன்ஷூரன்ஸுக்குச் சொன்னான், நூலகத்துக்குக்கூடச் சொன்னான், எல்லா இடத்திலும் இறப்புச் சான்றிதழை நீட்டினான், வாயால் சொல்லத் தேவைப்படவில்லை, கரண்டுக்கு மட்டும் சொல்லவில்லை. கணக்கு அவள் பெயரில், பணம் தானாகப் போய்விடுகிறது, அவன் பார்ப்பதில்லை. அவள் போனின் பூட்டைத் திறக்கும் எண் அவனுக்குத் தெரியாது, கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை, யார் நினைத்தார்கள்? ஆனால் செய்தி வந்தால் பூட்டின்மேல் முதல் வரி மட்டும் தெரியும். ஏப்ரலில் அடுப்பு மேடையில் அந்தப் போன் வெளிச்சம் போட்டது. *டெல்ஃபினா, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம்…* அவ்வளவுதான், மீதி உள்ளே. ஆயிரத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். அவள் பெயரில் ஒரு தோல்வி போய்ப் பதிவாகிவிட்டது, அவள் செய்யாத தோல்வி, அவன் பதினைந்து நாள் அவள் அம்மா வீட்டுச் சோபாவில் கிடந்தான், வீட்டில் விளக்கே எரியவில்லை, அதனால் வந்தது. மறுமாதம் ஹேர் டிரையரை எடுத்தான். *நல்ல செய்தி, டெல்ஃபினா, இந்த மாதம் நீங்கள்…* என்று வந்தது. அதற்குப் பிறகு விடவில்லை. இப்போதெல்லாம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்தக் கம்பெனி ஒன்றுதான், மற்றவர்கள் அவன் முன்னால் பெயரைத் தவிர்க்கிறார்கள், பாவம் அவ என்கிறார்கள், நம்ம பொண்ணு என்கிறார்கள், கம்பெனிதான் மாதம் ஒருமுறை டெல்ஃபினா என்கிறது, நீங்கள் என்கிறது, நல்ல செய்தி என்கிறது. இந்த வாரம் வேறு வரி வந்தது. *டெல்ஃபினா, உங்கள் ஒப்பந்தம் முடியப்போகிறது, தொடர…* தொடர என்ன செய்யவேண்டும்? அதைக் கேட்கத்தான் இந்த அழைப்பு. கேட்காமலே தெரியும், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் குரல் வேண்டும், சரி என்று ஒரு வார்த்தை. அது இல்லையென்றால் கணக்கை மூடுவார்கள், இவன் பெயரில் புதிதாகத் தொடங்குவார்கள், அப்புறம் அந்த மேடைமேல் போன் வெளிச்சம் போடாது.

பின்கதவு தட்டாமலே திறந்தது, ராமிரோதான், டெல்ஃபினாவின் தம்பி, கையில் பார்பகோவா பொட்டலம், மாட்டுத்தலைக் கறி வாசனை அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது, இன்னொரு கையில் சிவப்பு சோடா பாட்டில், ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறான், துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான், கறி கொண்டுவருவான். ஓவன் வெக்கை முகத்தில் அடித்ததும் நின்றான். குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். "மச்சான், உள்ள என்ன வேகுது?" "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லன்னா எவ்வளவு நேரம் வேகணும்?" ராமிரோ ஜன்னலைப் பார்த்தான், ஏசியைப் பார்த்தான், புரிந்துவிட்டது, இந்த ஊர்க்காரனுக்கு இது புரியாமல் போகாது, எல்லோர் வீட்டிலும் மாதக்கடைசியில் யாராவது ஒரு பாட்டி காலி ஓவனைப் போட்டிருப்பாள். "எவ்வளவு குறையுது?" "தெரியல." "என்னைக்குக் கணக்கெடுக்கறான்?" எலாய் ஃபிரிட்ஜைக் காட்டினான், அதில் தொங்குவது போன வருஷக் காலண்டர், ரொட்டிக்கடையில் கொடுத்தது, கம்பிக் கம்பெனி வருகிற நாளையெல்லாம் அவள் பச்சை மையால் வட்டம் போட்டது, இந்த வருஷக் காலண்டரில் மார்ச்சு வரைதான் வட்டம் இருக்கிறது, அதை அவனால் மாட்டி வைத்துப் பார்க்கமுடியவில்லை. அக்டோபரில் வட்டம் இந்தச் சனிக்கிழமையின் தேதிமேல் இருந்தது, அதனால் புதன்கிழமையிலிருந்து எரிக்கிறான். ராமிரோ வாயைத் திறந்தான், எதையோ விழுங்கினான், சோடாவைத் திறந்தான். "சரி, டோஸ்டர் எங்க இருக்கு? அதையும் போடுவோம்."

போட்டான். ரொட்டி இல்லாமல். ராமிரோவும் கரண்ட் விற்கிறவன்தான், பகுதி நேரமாக, ஆள் சேர்த்தால் உனக்குக் கொஞ்சம், அந்த ஆள் ஆள் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் என்கிற ஒரு கம்பெனி, ஞானஸ்நான விருந்தில், பார்க்கிங்கில், ஒருமுறை சவ அடக்க வரிசையில்கூட ஆள் பிடித்தான், அவன் வருகிறான் என்றால் சித்தப்பா பெரியப்பாவெல்லாம் கொல்லைப்பக்கமாகக் காரை எடுப்பார்கள். ஊரில் அத்தனை பேரிடமும் விற்றான், சொந்த அக்காவிடம் மட்டும் விற்க முடியவில்லை. மூணு தடவை இந்த மேஜையில் உட்கார்ந்து விளக்கினான், மூணு தடவையும் அவள் பொடி எழுத்தை எடுத்து அவனிடமே வாசித்துக் காட்டினாள். "எங்கிட்ட சேர்ந்துடேன் மச்சான், இப்பவாவது" என்றான், சும்மாதான் சொன்னான், வாய்ப் பழக்கம். "அவ இருக்கறப்ப சேரல." "அவ இருக்கறப்ப சேர்ந்திருந்தா எனக்கு நிம்மதி ஏது? ராத்திரி போன் பண்ணி, டேய், உன் கரண்ட்ல பால் புளிச்சுப்போச்சுன்னு சொல்லுவா." பியானோ நின்றது, இருவரும் போனைப் பார்த்தார்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், பியானோ மறுபடி. எலாய் விஷயத்தைச் சொன்னான், ஒப்பந்தம், குரல், சரி என்கிற ஒரு வார்த்தை. ராமிரோ தாடையைச் சொறிந்தான். "அம்மா குரலும் அவ குரலும் போன்ல ஒண்ணுதான். அப்பாவே ஏமாறுவார். அம்மாவைக் கூப்பிட்டா சரின்னு சொல்லிடுவாங்க, அழுதுட்டுதான் சொல்லுவாங்க, ஆனா சொல்லுவாங்க." எலாய் அதை ஏற்கெனவே யோசித்திருந்தான். அதுதான் வெட்கம். மாமியார் இந்த மேடைமுன் நின்று போனை வாங்கி, அந்தத் தொண்டையிலிருந்து அந்தக் குரலில், ஆமா நான் டெல்ஃபினாதான், சரி… அதை நின்று கேட்டுவிட்டுப் பிறகு சாப்பிட முடியுமா? ஆனாலும் யோசித்தான். இரண்டு நாள் யோசித்தான். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"சரி, அப்ப நான்" என்றான் ராமிரோ, தொண்டையைச் செருமினான், இடுப்பில் கைவைத்தான், ஆறடி உயரம், தாடி, உதட்டில் கறி எண்ணெய், கிளினிக்கில் அவள் போன் எடுக்கிற குரலில் ஆரம்பித்தான், இழுத்து, மூக்கால், "வணக்கம்மா, நான்தான் டெல்ஃபினா பேசறேன், நீங்க எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க? அப்படியா? அங்க மழையா? எங்களுக்கு ஒரு சொட்டு கிடையாதும்மா, என் புருஷன் ஒரு வார்த்தை பேசமாட்டான், அவன் பேசினாதான் மழை வரும்…" அப்படியே இருந்தது. குரல் இல்லை, குரல் எருமைமாதிரிதான் இருந்தது, அந்தக் கேள்வி, யாரிடம் பேசினாலும், கரண்ட், டெலிபோன், தவறான எண் எதுவானாலும் முதலில் எந்த ஊர், அங்கே வானம் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். எலாய்க்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது, வாந்தி என்று நினைத்தான், அது சிரிப்பு, மேடையைப் பிடித்துக்கொண்டான், ராமிரோ நிறுத்தவில்லை, "பல் வலிக்கவே வலிக்காதும்மா, கரண்ட் பில்லுதான் வலிக்கும்…", மார்ச்சிலிருந்து எங்கோ சுருண்டு கிடந்த ஒரு தசை அவிழ்ந்தது, மூச்சு முட்டியது, பியானோ நின்றதைக் கவனிக்கவில்லை. "தாமதத்துக்கு மன்னிக்கணும், என் பேர் யொலாண்டா, டெல்ஃபினாவா பேசறது?" என்று போன் கேட்டது. பதிவு செய்த குரல் இல்லை, ஆள். ராமிரோ உறைந்தான், வாய் திறந்தபடி, இடுப்பில் கை அப்படியே. எலாய் சிரிப்பு அடங்காமலே, ஒரு விக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவில், "இல்ல, டெல்ஃபினா செத்துட்டா" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். வாயால் முதல் தடவை. இப்படித்தான் வரவேண்டும் என்றிருந்ததா அது?

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம். கேலி என்று நினைத்திருப்பாள். பிறகு மூச்சு மாறியதைக் கேட்டிருப்பாள், சிரிப்பு வேறு ஏதோ ஆகிவிட்டதை. "சார், நீங்க…?" "புருஷன்." "அய்யோ" என்றாள் யொலாண்டா, மனப்பாட வாக்கியத்தைச் சொல்லவில்லை, வெறும் அய்யோ, கீபோர்டில் தட்டுகிற சத்தம்கூட நின்றது. மார்ச்சில் என்றான். அவள் திட்டவில்லை, ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை என்று கேட்கவில்லை, இப்ப நான் என்ன செய்யறேன்னா என்று மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவங்க கணக்கை இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணியோட முடிக்கிறேன், உங்க கணக்கை அந்த நிமிஷமே ஆரம்பிக்கிறேன், கம்பிக் கம்பெனிக்கு ரெண்டு உத்தரவு போகும், ஒருத்தர் போறார்னு ஒண்ணு, ஒருத்தர் வர்றார்னு ஒண்ணு, ரெண்டும் ஒரே தேதியில போனா அவங்க மீட்டரைத் தொடமாட்டாங்க, விளக்குகூடச் சிமிட்டாது, அவங்களைப் பொறுத்தவரைக்கும் அதே வீடு, அதே நம்பர். அதே நம்பர் என்றான் எலாய். இந்த பிளான் புதுசா வர்றவங்களுக்குக் கிடையாது சார், உங்களுக்கு வேற பார்க்கணும் என்றாள், பார்க்கலாம் என்றான். "இந்த மாசம் ஆயிரம் வரல இல்ல?" என்று கேட்டான், ஏன் கேட்டான், இனி அதனால் என்ன? தட்டினாள். "போன மாசக் கணக்கு செவ்வாய்க்கிழமையே எடுத்துட்டாங்களே சார். ஆயிரத்து ஏழு. தள்ளுபடி உண்டு. நல்ல செய்தின்னு அவங்க போனுக்கு ஒண்ணு போகும், திங்கட்கிழமை, அது ஏற்கெனவே வரிசைல நிக்குது…" தயங்கினாள். "அதை நிறுத்தணுமா?" "வேண்டாம்" என்றான். "சரி, நிறுத்தல." போனை வைக்கப்போகிற நேரம் அவன் வாய் தானாகக் கேட்டது, நீங்க எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க? "எல் பாஸோ சார், எங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, ஒரே கம்பெனி, கொடுக்கறதை வாங்கிக்க வேண்டியதுதான்." எங்க ஊரும் அப்படித்தான் என்றான், சான் அன்டோனியோவைச் சொன்னான். "அங்க வானம் எப்படி?" "மேகமா இருக்கு சார். வராது. ஆனா மேகமா இருக்கு."

செவ்வாய்க்கிழமை. ராமிரோ சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை, "மச்சான், புதன்கிழமையிலிருந்து எரிச்சியே, அக்கா பண்ண அதே வேலை" என்றான், போன வருஷக் காலண்டரைத் தட்டினான், "கம்பிக்காரன் வருஷா வருஷம் நாளை மாத்துவான், இதைப் பார்த்தப்பவே சொல்லலாம்னு நினைச்சேன்." "ஏன் சொல்லல?" "டோஸ்டர் போடற ஆசையா இருந்தது." முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டு எடுக்கப் போனான். எலாய் ஓவனை அணைக்கக் கை நீட்டினான், நீட்டிய கை நின்றது, புதன், வியாழன், வெள்ளி, இன்றைக்கு, இது புது மாதம், அவள் பெயரில் ஒரு மாதம் தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது, இன்று ராத்திரியோடு முடிகிறது, நாலே நாள் உள்ள மாதம், அந்த நாலு நாளும் அவள் வீடு அன்றைய ஞாயிற்றுக்கிழமைமாதிரி எரிந்திருக்கிறது. அணைக்கவில்லை. கறியோடு வந்திருந்த டார்ட்டியாவை, அந்தத் தட்டை ரொட்டியை, வெள்ளித்தாளில் சுற்றி உள்ளே வைத்தான், இத்தனை நாளில் அதற்குள் போன முதல் பண்டம். அப்போது மேடையில் அவள் போன் வெளிச்சம் போட்டது, திங்கட்கிழமை என்றாளே, அதற்குள்ளாகவா என்று குனிந்தான். *டெல்ஃபினா, நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம்.* அவ்வளவுதான். முதல் வரியிலேயே முடிந்துவிட்டது, பின்னால் அந்த மூன்று புள்ளி இல்லை, முழுதாக அவன் படித்த முதல் செய்தி. ராமிரோ தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டுச் சோடாவை இரண்டு டம்ளரில் ஊற்றினான்.

வெளிச்சம் அணைந்தது. திங்கட்கிழமை வரைக்கும் சார்ஜ் இருக்கவேண்டும், ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான், அதற்குப் பிறகு என்பதை அப்புறம் பார்க்கலாம்… ஆயிரத்து ஏழு. சோடாவைக் குடித்தான், தித்திப்பு பல்லில் ஏறியது. செவ்வாய்க்கிழமை வரை அவன் வேண்டுமென்று எதையும் எரிக்கவில்லையே. ஓவன் புதன்கிழமைதான், ஹேர் டிரையர் எடுக்கவே இல்லை, இந்த முறை மறந்துவிட்டான். ஒரு ஆளுக்கு ஆயிரம் வராது, அவள் போட்ட கணக்கு ரெண்டு பேருக்கு. அப்படியானால் அந்த மாதம் எதில் போனது? துவைத்தான், ஆமாம், சட்டையெல்லாம் துவைத்திருந்தான், எப்போது? பீன்ஸ் வேகவைத்தான், இரண்டு தடவை. ஒரு நாள் ராமிரோவோடு பந்தாட்டம் பார்த்தான், யார் ஜெயித்தார்கள் என்று நினைவில்லை. சுடுதண்ணீரில் நின்றிருக்கிறான், வெகுநேரம். கட்டில் பக்க விளக்கு, அதைப் போட்டுக்கொண்டு எதையாவது படித்தானா, இல்லை அணைக்காமல் தூங்கிப்போனானா? சும்மா எரிந்ததா, அவன் இருந்ததா? மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், அது பெயரும் கேட்பதில்லை, காரணமும் கேட்பதில்லை… "மச்சான், டார்ட்டியா கருகப்போகுது" என்றான் ராமிரோ. ஓவனைத் திறந்தான், வெக்கை முகத்தில் வந்தது, மாவு வேகிற வாசனை வந்தது, பசித்தது. எப்போதிலிருந்து பசிக்கிறது?